ஹோயா கொடி திரும்பத் திரும்பப் பூக்க: சேலத்திலும் ஏற்காட்டிலும் வளர்ப்பவர்களின் கேள்விகள்

ஏற்காட்டுக்குச் சென்று திரும்புகிறவர்களின் வண்டியில் மிளகு, காபித்தூள் பொட்டலங்களோடு ஒரு தொங்குதொட்டியும் கீழே இறங்குவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தொட்டிகளில் பலவற்றில் இருப்பது ஹோயா. நர்சரிக்காரர்கள் இதை ‘வாக்ஸ் பிளான்ட்’ என்றும் மெழுகுக்கொடி என்றும் சொல்லி விற்கிறார்கள். மலையில் பூவோடு வாங்கிய கொடி சமவெளிக்கு வந்தபின் ஆண்டுக்கணக்கில் இலையை மட்டுமே காட்டிக்கொண்டிருப்பது ஏன் என்பதுதான் பெரும்பாலோரின் கவலை.

ஹோயா எத்தகைய செடி?

இது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. இலையைக் கிள்ளினால் பால் வடிவதும், ஐந்து இதழ்களின் நடுவே எருக்கம்பூவில் உள்ளதைப் போன்ற ஒரு கிரீடம் எழுந்து நிற்பதும் அந்த உறவைக் காட்டிக்கொடுத்துவிடும். 1810ஆம் ஆண்டில் ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளர் இந்தப் பேரினத்தைத் தனியே பிரித்து, இங்கிலாந்தின் சயான் மாளிகைத் தோட்டத்தைக் கவனித்துவந்த தாமஸ் ஹாய் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினார். வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் கார்னோசா என்ற இனம் தென்சீனம், தைவான், ஜப்பானின் தென்தீவுகள் ஆகிய பகுதிகளுக்கு உரியது.

வளர்ப்பவர் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி, ஹோயாக்களில் பெரும்பாலானவை தரையில் வேரூன்றி வாழ்பவை அல்ல என்பதே. மரப்பட்டையின் இடுக்குகளில் தொற்றிக்கொண்டு, அங்கே சேரும் சருகு மட்கில் வேர்விட்டு, மழை பெய்தால் நனைந்து, பெய்யாவிட்டால் காய்ந்து வாழப் பழகியவை. ஏற்காட்டில் உள்ள ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வாழ்க்கை முறை புதிதன்று. தடித்த இலை நீரைச் சேர்த்துவைத்துக்கொள்கிறது. கார்னோசா தன் இலைத்துளைகளைப் பகல் வெயிலில் மூடி வைத்து, பெரிதும் இரவிலேயே திறப்பதால் நீர் விரயமும் குறைகிறது. இத்தகைய செடியை ரோஜாவைப் போலவோ மல்லிகையைப் போலவோ நாள்தோறும் நீரூற்றி வளர்க்க முயல்வதால்தான் பாதிச் சிக்கல்கள் உண்டாகின்றன.

ஏற்காட்டில் செழிப்பாக இருந்த கொடி சேலத்துக்கு வந்ததும் ஏன் சுணங்குகிறது?

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கின்படி பார்த்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கும் ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் செடி எட்டு டிகிரி வேறுபாட்டைச் சந்திக்கிறது. கோடைவிழாவுக்குப் போனவர்கள் மே மாதத்தில் வாங்கி வந்தால், மேலே மூடுபனியிலும் நிழல்வலையின் கீழும் இருந்த இலை கீழே கத்திரி வெயிலின் வறண்ட காற்றில் வந்து விழுகிறது.

வாங்கிவந்த முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குச் செடியை நல்ல வெளிச்சமுள்ள, ஆனால் நேரடி வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு, தொட்டி மாற்றுவதையும் உரமிடுவதையும் தள்ளிப்போட வேண்டும். வந்த அன்றே புதுத்தொட்டிக்கு மாற்றுவது, வெளியூரிலிருந்து களைத்து வந்தவரை உட்காரக்கூட விடாமல் வேலை ஏவுவதைப் போன்றது. இருந்த மொட்டுகள் உதிரலாம். அடியிலையில் ஒன்றிரண்டு மஞ்சளாகலாம். அதற்காக எதையும் கூடுதலாகச் செய்யத் தேவையில்லை. வாங்கும் காலத்தைத் தேர்ந்துகொள்ள முடிந்தால், ஜூலைக்குப் பிறகு வாங்குவதே நல்லது.

சேலத்து வெப்பத்துக்கு எந்த வகை பொருந்தும்?

கார்னோசா வளரும், ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ப்யூபிகேலிக்ஸ், தாய்லாந்துப் பக்கத்து இதய வடிவ இலைக்காரியான கெர்ரி ஆகியவை வெப்பத்தை இன்னும் எளிதாகத் தாங்கும். முதன்முறையாக வளர்ப்பவர் சேலத்தில் இருந்தால் ப்யூபிகேலிக்ஸையும், ஏற்காட்டில் இருந்தால் கார்னோசாவையும் தேர்ந்துகொள்வது என் பரிந்துரை. இலையோரம் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் பலநிற வகைகள் பார்க்க அழகானவை. ஆனால் பச்சையம் குறைவென்பதால் மெதுவாக வளரும், பூப்பதற்கும் கூடுதல் வெளிச்சம் கேட்கும். பூவுக்காகவே வாங்குகிறவர் முழுப்பச்சை இலை உள்ளதையே வாங்கலாம்.

வீட்டில் எங்கே தொங்கவிட வேண்டும்?

பூக்கும் பூக்காததை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தக் கேள்வியின் விடைதான். வரவேற்பறையின் மூலையில், புத்தக அலமாரியின் மேல், தொலைக்காட்சிக்கு அருகில் என்று அலங்காரத்துக்காக வைக்கும் இடங்களில் ஹோயா சாகாது. பல ஆண்டுகள் பச்சையாகவே இருக்கும். ஆனால் பூக்காது. விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிறதே என்று நாம் நினைக்கும் வெளிச்சம், செடியின் கணக்கில் அரையிருட்டு.

கிழக்கு நோக்கிய ஜன்னலோ பால்கனியோ இருந்தால் வேறு இடம் தேடவேண்டாம். காலை ஒன்பது மணிவரை இளவெயில் நேரடியாகப் பட்டு, பிறகு நாள் முழுவதும் திறந்த வானத்தின் வெளிச்சம் கிடைத்தால் போதும். மேற்குப் பக்கம் மட்டுமே உள்ளவர்கள் ஐம்பது விழுக்காடு நிழல் தரும் பச்சை வலையைக் கட்டி, அதன் பின்னே தொங்கவிடலாம்; வலையில்லாமல் பிற்பகல் மூன்று மணி வெயிலில் விட்டால் இலை வெளுத்து, பிறகு பழுப்புத் தழும்பாகும். தழும்பு ஆறாது.

வெளிநாட்டு நூல்களில் ‘தெற்கு ஜன்னல்’ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அப்படியே பின்பற்றுவோர் உண்டு. அந்த அறிவுரை சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் உரியது. சேலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11.6 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் 20ஐ ஒட்டி நடுப்பகல் சூரியன் நேர் தலைக்குமேல் வந்து, அதன்பின் ஆகஸ்ட் 22ஐ ஒட்டிய நாள்வரை வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே மே, ஜூன், ஜூலை மாதங்களில் நம் வீடுகளின் வடக்குப் பால்கனியில்தான் வெயில் விழும். தெற்குப் பக்கம் சன்ஷேடின் நிழலில் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் இது தலைகீழாகும். தெற்கு, வடக்கு இரண்டும் திறந்த வீடு என்றால், ஆண்டுக்கு இருமுறை கொக்கியை மாற்றுவது பயன்தரும், ஆனால் மொட்டு இல்லாத நேரத்தில்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நாள் கணக்கு வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழத்துக்குத் தொட்டியில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே நீர் வழியும்வரை ஊற்றி, வழிந்த நீரைத் தட்டில் தேங்கவிடாமல் கொட்டிவிட வேண்டும். ஈரம் இருந்தால் ஊற்றக் கூடாது. விரலில் அழுக்குப்பட விரும்பாதவர்கள் தொட்டியைத் தூக்கி எடையைப் பார்த்தே பழகிக்கொள்ளலாம். கோகோபீட் எனப்படும் தேங்காய்நார்த் தூள் கலந்த கலவைக்கு ஈரத்துக்கும் உலர்வுக்கும் எடையில் நல்ல வேறுபாடு தெரியும். இலையைக் கேட்டாலும் அது சொல்லும்: நீர் உள்ள இலை விறைப்பாக இருக்கும், தாகமுள்ள இலை மடித்தால் வளைந்து கொடுக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வேர் அழுகினாலும் இலை இதேபோலத் தளர்ந்து சுருங்கும், ஏனெனில் அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. கலவை ஈரமாக இருக்கும்போதே இலை சுருங்கினால் அது தாகம் அன்று; மேலும் நீரூற்றுவது செடியைக் கொன்றுவிடும். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை நறுக்கி, உலர்ந்த புதுக் கலவையில் வைக்க வேண்டும். வேரே மிஞ்சவில்லை என்றால் நல்ல தண்டுகளை வெட்டிப் புதிதாக வேர்விடச் செய்வதுதான் வழி.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். இலையிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிகிறதே?

சேலத்தின் வடபுறத்தில் வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட் வெட்டியெடுக்கப்படும் ஊர் இது. பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர்தான். படிவது சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள். உடனே கேடு செய்யாது. மாதக்கணக்கில் சேர்ந்தால் இலை நுனி கருகும், சில சத்துகள் வேருக்கு எட்டாமல் போகும். மேட்டூர்க் குடிநீர் வரும் நாளில் ஒரு வாளி பிடித்து வைத்துச் செடிக்கு ஊற்றலாம். மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. போர் தண்ணீர் மட்டுமே உண்டு என்றால், மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரை மெல்ல ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். இலையில் படிந்ததை ஈரத்துணியால் துடைக்கலாம்.

மண் எப்படி இருக்க வேண்டும்? தொட்டி மண்சட்டியா, பிளாஸ்டிக்கா?

செம்மண் இந்தக் கொடிக்கு வேண்டியதே இல்லை. கோகோபீட் ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டுகளோ மரப்பட்டைத் துண்டுகளோ ஒரு பங்கு, பெர்லைட் என்ற எடைகுறைந்த வெள்ளைக் கற்பொரியோ பொடியாக உடைத்த செங்கல் ஜல்லியோ ஒரு பங்கு, இவற்றோடு ஒரு கைப்பிடி மட்கிய எருவும் கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டும் சேர்த்தால் நல்ல கலவை. கோகோபீட் கட்டியை ஊறவைத்த நீரை இரண்டு மூன்று முறை மாற்றிப் பிழிய வேண்டும். நாரில் உப்பு தங்கியிருப்பது உண்டு. ஊற்றிய நீர் சில நொடிகளில் அடியில் வந்துவிட வேண்டும். மேலே குளம்போல நின்றால் கலவை தவறு.

தொட்டி விஷயத்தில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரே விடை பொருந்தாது. மலையில் மழைக்காலம் முழுவதும் காற்றில் ஈரம் நிற்பதால், பக்கவாட்டில் ஆவியாக விடும் மண்சட்டி உகந்தது. சமவெளியில் அதே மண்சட்டி கோடையில் ஒரே நாளில் காய்ந்துவிடும். அங்கே பிளாஸ்டிக் தொட்டியே வசதி. அடித்துளை இல்லாத பீங்கான் குடுவைகளை இரண்டு இடத்திலும் தவிர்க்கலாம்.

வேர் நெருக்கமாக இருந்தால்தான் பூக்கும் என்கிறார்களே?

பாதி உண்மை. நெருக்கம் பூவைத் தூண்டுவதில்லை. பெரிய தொட்டியில் உலராமல் நிற்கும் ஈரம் வேரைக் கெடுத்துச் செடியைப் பின்னுக்கு இழுக்கிறது. சிறு தொட்டி விரைவில் உலர்வதால் செடி நலமாக இருக்கிறது, நலமான செடி பூக்கிறது. துளை வழியே வேர் வெளியே வந்து, ஊற்றும் நீர் நிற்காமல் ஓடத் தொடங்கியபின், ஓர் அளவு மட்டுமே பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

மூன்று ஆண்டுகளாகியும் ஒரு பூகூட வரவில்லை. காரணம் என்ன?

முதலில் வயது. தண்டிலிருந்து வளர்த்த கார்னோசா பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது இயல்பு. வயது வந்த செடி என்றால் அடுத்த சந்தேகம் வெளிச்சத்தின்மீதுதான். பத்துச் செடிகளில் எட்டுக்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. ஜன்னலுக்கு இரண்டடி நெருக்கமாக நகர்த்துவதே பலமுறை போதுமானதாக இருக்கிறது. உரக்கடையில் பூ வருவதற்கென்று விற்கும் டானிக்குகளை வாங்குமுன் இதைச் செய்து, ஒரு பருவம் பொறுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம், வளர்ப்பவரின் கத்தரிக்கோல். அதைத் தனியே சொல்ல வேண்டும்.

பூ உதிர்ந்தபின் நிற்கும் மொட்டைக் காம்பை நறுக்கிவிடலாமா?

நறுக்கவே கூடாது. ஹோயாவைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பூங்கொத்து உருவாகும் குட்டையான காம்பு, பூக்கள் உதிர்ந்தபின்னும் உயிரோடு இருக்கும். அடுத்த பருவத்தில் அதே காம்பின் நுனியிலிருந்தே புதிய மொட்டுகள் வரும். ஒவ்வொரு முறை பூக்கும்போதும் காம்பு சற்றே நீளும், உதிர்ந்த பூக்களின் தழும்புகள் அதில் அடுக்கடுக்காகத் தெரியும். பழைய கொடியில் விரற்கடை நீளத்துக்கு வளர்ந்த காம்புகளைப் பார்க்கலாம். காய்ந்த குச்சி என்று நினைத்து அதை வெட்டுபவர், செடி பல மாதங்கள் செலவழித்து அமைத்த பூக்கும் இடத்தையே அகற்றிவிடுகிறார். செடி வேறொரு கணுவில் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ரோஜாவிலும் செம்பருத்தியிலும் பூத்த கிளையை வெட்டினால் புதுக்கிளை வந்து பூக்கும் என்ற பழக்கத்தில் நம் கை தானாகவே கத்தரிக்கோலைத் தேடுகிறது. பூசைக்கு ஹோயாப் பூ பறிக்க விரும்புகிறவர்கள் கொத்தோடு ஒடிக்காமல், தனித்தனிப் பூவாகக் கிள்ளிக்கொள்ளலாம். காம்பு முழுவதும் பழுப்பாகிச் சுருங்கி, தொட்டவுடன் கழன்றுவந்தால் மட்டுமே அது செத்தது.

இலையே இல்லாமல் நீளமாக ஒரு குச்சி ஓடுகிறதே, அதை?

அதையும் விட்டுவைக்க வேண்டும். ஹோயா முதலில் வெறுங்கொடியை நீட்டிப் பற்றுவதற்கு இடம் தேடும். பிறகுதான் கணுக்களில் இலை விடும். பல வகைகளில் பூக்காம்பும் அந்தக் கொடியில்தான் தோன்றும். தொந்தரவாக இருந்தால் வளைத்து, தொட்டியில் ஊன்றிய கம்பி வளையத்திலோ ஜன்னல் கம்பியிலோ தளர்வாகக் கட்டிவிடலாம். நுனி காய்ந்திருந்தால் காய்ந்த பகுதியை மட்டும் நறுக்கலாம்.

மொட்டு வருகிறது, ஆனால் விரியுமுன் உதிர்ந்துவிடுகிறது.

மொட்டுக் காலத்தில் ஒருமுறை நன்றாகக் காய்ந்துபோவது, அல்லது அதற்கு அஞ்சி ஓயாமல் ஊற்றுவது, ஏசியின் நேர்க்காற்று, கோடையின் அனல்காற்று, வெளிச்சம் குறைந்த இடத்துக்கு மாற்றுவது, அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி தாக்குவது ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். விருந்தினர் வருகிறார்கள் என்று மொட்டு வைத்த தொட்டியைப் பால்கனியிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்து வைப்பது மிகவும் பரவலான தவறு. மொட்டு தெரிந்த நாளிலிருந்து பூ உதிரும்வரை அந்தத் தொட்டி தன் கொக்கியிலேயே இருக்கட்டும்.

குளிர்காலத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஏற்காட்டில் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 13, 14 டிகிரி அளவுக்கு இறங்கும். கார்னோசாவுக்கு இது வரம். குளிர்ந்த, சற்றே உலர்ந்த சில வாரங்கள் கிடைத்தால் வெயில் ஏறத் தொடங்கும்போது அது மொட்டு வைக்கும். மலையில் அது எளிதாகப் பூப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சேலத்தில் அவ்வளவு குளிர் கிடையாது. ஆனாலும் டிசம்பர், ஜனவரியில் நீரைக் குறைத்து, உரத்தை நிறுத்தி, இரவுக் குளிர்காற்று படும் பால்கனியிலேயே விட்டால் ஓரளவு அதே ஓய்வு கிடைக்கும். இலை சுருங்கும் அளவுக்குக் காயவிட வேண்டியதில்லை.

உரம் எது, எவ்வளவு? காபிச் சக்கை போடலாமா?

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்று கரைத்து, பிப்ரவரி முதல் அக்டோபர் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கலவை ஈரமாக இருக்கும்போது ஊற்றினால் போதும். கடும் கோடையில் வளர்ச்சி நின்றிருந்தால் அப்போதும் நிறுத்திவிடலாம். தழைச்சத்து மட்டும் மிகுந்த யூரியா கொழுத்த இலையைத்தான் தரும்.

காபி நாட்டில் இருப்பதால் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. மட்காத சக்கை மேலே ஆடைபோலப் படிந்து, ஈரத்தைப் பிடித்து, பூஞ்சணத்தையும் சிறு கொசுக்களையும் வரவழைக்கும். உரக்குழியில் போட்டு மட்கிய பிறகு ஒரு சிட்டிகை சேர்த்தால் தீங்கில்லை.

எறும்புகள் ஏறுகின்றன, இலையடியில் வெள்ளைப் பஞ்சு தெரிகிறது.

பஞ்சு என்பது மாவுப்பூச்சி. சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரங்களுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்க வேண்டும். லிட்டருக்கு ஐந்து மில்லி எண்ணெய், அது நீரோடு கலக்கச் சில துளி திரவ சோப்பு, தெளிப்பது மாலையில். வெயிலில் தெளித்தால் இலை கருகும். இலைக்காம்பின் கக்கத்தையும் தொட்டி விளிம்பின் அடியையும் மறக்கக் கூடாது; அங்கேதான் அவை ஒளிந்திருக்கும்.

மொட்டில் மொய்க்கும் மஞ்சள் நிறப் பூச்சி அசுவினி. பக்கத்துக் காலிமனையில் எருக்கும் வீட்டு வாசலில் அரளியும் இருந்தால் அங்கே வாழும் அதே அசுவினிதான் உறவுமுறை பாராட்டி ஹோயாவுக்கும் வரும். நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். எறும்பு மட்டும் வந்து, பூச்சி ஒன்றும் காணப்படவில்லை என்றால் அது பூவின் தேனுக்காக வந்தது. கார்னோசாவின் பூ துளித்துளியாகத் தேன் சொட்டும், தரையில் பிசுபிசுக்கும். மணமும் மாலைக்குப் பிறகுதான் ஏறும். மணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் படுக்கையறை ஜன்னலைத் தவிர்த்துவிடலாம்.

ஒரு கொடியிலிருந்து இன்னொன்றை உண்டாக்குவது எப்படி?

இரண்டு கணுக்களும் ஓரிணை இலையும் உள்ள தண்டை வெட்டி, பால் நின்று காயும்வரை ஓரிரு மணி நேரம் வைத்துவிட்டு, கீழ்க்கணு புதையும்படி ஈரமான கோகோபீட்டில் ஊன்றினால் ஒரு மாதத்தை ஒட்டி வேர்விடும். ஆடி, ஆவணி நல்ல காலம். ஒற்றை இதய இலையைச் சிறு தொட்டியில் நட்டு, பரிசுப்பொருளாக விற்கிறார்களே, அது கெர்ரியின் இலை. கணுத் துண்டு ஒட்டியிராத இலை வேர்விட்டுப் பல ஆண்டுகள் பச்சையாக இருக்கும், கொடியாக வளராது. அதைப் பூக்கவைக்கும் வழி கேட்டு எழுதுகிறவர்களுக்கு, கணுவோடு கூடிய தண்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

ஏற்காட்டிலேயே வளர்க்கிறோம். எங்களுக்குத் தனியாக ஏதேனும் உண்டா?

உங்களுக்கு எதிரி வெயில் அன்று, தொடர்மழை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் திறந்தவெளியில் தொங்கும் தொட்டி வாரக்கணக்கில் உலராது. தண்டின் அடி கறுத்து அழுகத் தொடங்கும். அந்தக் காலத்தில் தொட்டியை இறவாரத்துக்கு உள்ளே, ஆனால் வெளிச்சம் குறையாத இடத்துக்கு மாற்றி, கலவையில் ஜல்லியின் பங்கைக் கூட்ட வேண்டும். மூடுபனி நாட்களில் இலை நனைவதே கொடிக்குப் போதுமான ஆறுதல். வேரில் நீரூற்றாமல் பத்து, பதினைந்து நாட்கள்கூட விடலாம். சில்வர் ஓக் நிழல் அடர்ந்த வீடுகளில் பூ வரத் தயங்கினால், தோட்டங்களில் ஆண்டுதோறும் நிழல்மரக் கிளைகளைக் கழிப்பதைப்போல ஜன்னலை மறைக்கும் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, அடுத்த பங்குனி, சித்திரையில் பழைய காம்புகளின் நுனியைக் கவனியுங்கள்.